விஷம் கிடைத்தால் சம்பளம்

முன்னொரு காலத்தில், அரண்மனைச் சம்பளத்தை நம்பி ஊரில் பாதி வீடு அடுப்பு மூட்டிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரனுக்கு மூச்சு வாங்கும். நமக்கு ராஜா என்பதே போதும். நல்லவர்தான். ஆனால் எவ்வளவு நல்ல ராஜாவாக இருந்தாலும், மத்தியானத்தில் தூக்கம் வராத நாள் ஒன்று வந்தே தீரும். குடிகளுக்குக் கெட்ட காலம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அந்த நாளில் ராஜா தனியாக உலாத்திக்கொண்டே கோட்டை வாசல் வரை போனார். வாசல் காவல்காரன் ஈட்டியைச் சுவரில் சாத்திவைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஓர் ஈ அந்த வாய்க்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பிடிக்கவில்லையோ என்னவோ, பக்கத்தில் இருந்த சாணத்தில் போய் உட்கார்ந்தது. ராஜா அதை எல்லாம் நின்று பார்த்துவிட்டு, நேராகச் சபைக்கு வந்தார்.

"தூங்குகிறவனுக்கும் அதே சம்பளம், விழித்திருக்கிறவனுக்கும் அதே சம்பளம். பிறகு எவன் விழித்திருப்பான்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதில் சொன்ன ஆள்தான் சரியில்லை.

பொக்கிஷ மந்திரி திருமேனிநாதர் எழுந்து நின்றார். "மகாராஜா, அண்டை தேசத்தில் ஒரு நல்ல முறை இருக்கிறது. ஆளுக்குச் சம்பளம் என்று இல்லை. வேலையின் பலனுக்குத்தான் சம்பளம். பலன் காட்டினால் வாங்கிக்கொள்ளலாம். காட்டாவிட்டால் வெறுங்கை. எல்லாரும் தாமாகவே விழித்துக்கொள்வார்கள்."

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த வருஷம் ராஜா கோடைக்குக் குளத்து நடுவில் ஒரு நீராழி மண்டபம் கட்டியதில் பொக்கிஷம் தரை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. சம்பளத்தைக் குறைக்கப்போகிறேன் என்று மந்திரி தண்டோரா போட்டிருந்தால், ஊரே வாசலில் கூடியிருக்கும். பலனுக்குச் சம்பளம் என்றால் எவனும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால், 'ஓகோ, உன்னிடம் பலன் இல்லை போலிருக்கிறதே' என்று பக்கத்து ஆளே கேட்பான். குறைத்த மாதிரியும் இருக்காது, கொடுத்த மாதிரியும் இருக்காது. அரசாங்கம் இப்படிப்பட்ட யோசனையை எல்லாம் ஏன் ஓடி வந்து பிடித்துக்கொள்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. தினமும் வாசல் வரை நடந்து போய் எவன் தூங்குகிறான் என்று பார்க்க ராஜாவுக்குக் கால் வலிக்கும். சட்டம் போட்டால் கால் வலிக்காது.

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. எந்த வேலைக்கு எது பலன் என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் மந்திரியிடமே கொடுத்துவிட்டார்.

மந்திரி தீர்மானித்தார். பல்லக்குத் தூக்கிகளுக்கு, பல்லக்கைத் தூக்குவது பலன். ஒரு தூக்குக்கு இவ்வளவு. மறுநாள் ராஜா கோயிலுக்குப் புறப்பட்டார். தெருமுனைக்குத் தெருமுனை பல்லக்கைக் கீழே வைத்தார்கள், தூக்கினார்கள், மறுபடி வைத்தார்கள். கோயில் போய்ச் சேர்வதற்குள் உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். ராஜாவுக்கு இடுப்பு கழன்றது.

காவல்காரனுக்கு, திருடனைப் பிடிப்பது பலன். வாயில் ஈ புகுந்த அந்தக் காவல்காரன் உடனே விழித்துக்கொண்டான். தன் மச்சானை ஒரு நாள் பிடித்துக் கொண்டுவருவான். மறுநாள் மச்சான் காவலுக்கு நின்று இவனைப் பிடிப்பான். இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிஜத் திருடன் வந்தால் மட்டும், "இப்ப நேரமில்லப்பா, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஒச்சப்பனைச் சொல்ல வேண்டும். ஒச்சப்பன் ராஜாவின் விகடன். ராஜா முகத்தை நேராகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டு, தலையோடு வீடு திரும்புகிற ஒரே ஆள். அதனால் மந்திரிக்கு அவனைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயம் என்று அவனுக்கும் ஒரு பலன் கட்டினார்.

"விகடனின் வேலை மகாராஜாவைச் சிரிக்கவைப்பது. ஒரு சிரிப்புக்கு ஒரு பொன். இந்தப் பௌர்ணமிக்குள் ஒரு சிரிப்பும் இல்லையென்றால், அவன் குடியிருக்கும் அரண்மனை வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டும்" என்றார். சிரிப்பை எண்ணுவதற்குக் கணக்குப்பிள்ளை ஒருவரைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

அதோடு விட்டாரா? ராஜா தனியாக இருக்கும்போது காதோடு காதாக, "மகாராஜா, தாங்கள் ஒரு தடவை சிரித்தால் பொக்கிஷத்தில் ஒரு பொன் குறைகிறது. நீராழி மண்டபத்துக்கு இன்னும் கூரை போட வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவைத்தார்.

ராஜா அன்றிலிருந்து கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டார். ஒச்சப்பன் என்ன சொன்னாலும் முகம் சிவக்கும், தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். சிரிப்பு மட்டும் வராது. கணக்குப்பிள்ளை ராஜாவின் வாயையே உற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். சும்மா கிடைத்தபோது நாள் முழுக்கச் சிரித்த மனுஷன், விலை வைத்ததும் இறுக்கிக்கொண்டுவிட்டார். ராஜாவும் மனுஷர்தானே.

ஒச்சப்பன் நிலை இப்படி என்றால், பேச்சாயி நிலை இதைவிட மோசம்.

பேச்சாயி ராஜாவின் சாப்பாட்டை முதலில் ருசி பார்க்கிறவள். எந்தப் பதார்த்தம் வந்தாலும் அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சரி" என்று சொன்ன பிறகுதான் ராஜா கை வைப்பார். அது அந்த அரண்மனையின் பழைய வழக்கம். அதற்கு முன் அந்த வேலையில் இருந்தவன் அவள் புருஷன். ராஜாவின் தாயாதி ஒருவன் பால் பாயசத்தில் வைத்த விஷம் அவனோடு போயிற்று. ராஜா உயிரோடு இருப்பது அவனால். அதற்குப் பிறகு அரண்மனைச் சோற்றில் விஷம் வைக்க எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. பேச்சாயி வாயில் வைத்தது எல்லாம் நல்ல சோறுதான்.

அவள் மாதச் சம்பளம் வாங்கப் போனாள். "உனக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டாள். "ருசி பார்க்கிறவளின் வேலை விஷத்தைக் கண்டுபிடிப்பது. நீ இந்த மாதம் எத்தனை விஷம் கண்டுபிடித்தாய்?" என்றார் மந்திரி.

அவள் சமையல்கட்டுப் பின்புறம் வந்து, அங்கே மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏன் தம்பி, உனக்கு எம்புட்டு வந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ராஜா கன்னத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுமில்ல. விசத்தக் கண்டுபிடிச்சாத்தான் சம்பளமாம். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு கண்டுபிடிச்சாரு. மறுநாளு சம்பளம் வாங்க அவரு போகலையே. இதக் கூடவா அந்த மந்திரிக்கு ரோசன பண்ணத் தெரியல?"

ஒச்சப்பன் மொச்சையைக் கீழே வைத்தான்.

"வீட்ல என்னக்கா நெலம?"

"என்ன நெலம. குதிருல கைய விட்டா மண்ணு தட்டுப்படுது. ராஜா எலையில நானு ஒரு வாயி திங்கிறேன். எம் பிள்ளைகளுக்கு அதுவுமில்ல. வேலைய விட்டுப்புடலாமுன்னு பாத்தா, போனதுக்கப்புறம் சம்பளப் பாக்கி எவன் தருவான்? உங்கிட்ட ஏதாச்சும் தந்திரம் இருந்தாச் சொல்லு. பொய்யச் சொல்லச் சொல்லாத. விசமில்லாத சோத்த விசமுன்னு சொன்னா சமையக்காரன் தலைய வாங்கிப்புடுவாங்க. அவனும் பிள்ளகுட்டிக்காரன்."

"பொய்யே வேண்டாம்க்கா. உன் வேலைய ஒழுங்காப் பாரு. அது போதும்."

"இம்புட்டு நாளு ஒழுங்காப் பாக்காம என்ன செஞ்சேன்?"

"இம்புட்டு நாளு விசம் இல்லைன்னு சொல்றதுக்குச் சம்பளம். இப்ப இருக்குன்னு சொல்றதுக்குச் சம்பளம். இல்லைன்னு பாக்கிறவ ஒரு வாயி தின்னுட்டு எந்திரிச்சுப் போவா. இருக்குன்னு தேடுறவ அப்படியா எந்திரிப்பா?"

பேச்சாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனிடமிருந்த மொச்சையில் ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் மத்தியானம் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நெய் மணக்கிற பருப்பு, கத்திரிக்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு. பேச்சாயி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"என்ன பேச்சாயி, ஆயிற்றா?" என்றார் ராஜா.

"இன்னும் இல்லைங்க மகாராஜா. காத்துக்கிட்டு இருக்கேன்."

"எதற்கு?"

"சில விசம் உடனே கொல்லும், எங்க வீட்டுக்காரரக் கொன்ன மாதிரி. சில விசம் பொழுது சாஞ்சாத்தான் தெரியும். அவசரப்பட்டு எந்திரிச்சா, கிடைக்கிற விசத்தத் தவறவிட்டுருவேனுங்க."

ராஜா காத்திருந்தார். பருப்பு ஆறியது. கூட்டில் ஆடை படிந்தது. ஆறின சோறு ராஜாவுக்குப் போடக்கூடாது என்பது இன்னொரு பழைய வழக்கம். எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைத்தார்கள். புதுச் சோறு வந்தது. பேச்சாயி ஒரு வாய் எடுத்தாள். மறுபடி காலை நீட்டினாள்.

ராஜா வாழைப்பழம் கேட்டார். பேச்சாயி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தோல்ல ஒரு கரும்புள்ளி இருக்குதுங்க. முள்ளால குத்தி விசம் ஏத்துவாங்களாம்" என்று பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் ராஜா தானே கிணற்றடிக்குப் போய், தன் கையால் தண்ணீர் இறைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார். அரண்மனைக் கிணற்றில் ராஜா தண்ணீர் இறைத்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

மறுநாளும் அதே கதை. வேறு ஆளைப் போடச் சொன்னார் ராஜா. மந்திரி தண்டோரா போட்டார். ஒரே ஓர் ஆள் வந்தான், தடியன், எதையும் தின்னக்கூடியவன். சம்பளம் எப்போது என்று கேட்டான். விஷம் கிடைத்தால் என்றார்கள். "கிடைச்சா எங்கிட்டக் குடுப்பீங்களா, எம் பொண்டாட்டிகிட்டக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. பசியில் ராஜாவின் கண் உள்ளே போய்விட்டது. சாப்பாட்டுக் கூடத்திலேயே சபையைக் கூட்டினார். இலை போட்டிருந்தது. சோற்றில் ஆவி பறந்தது. ஒரு பக்கம் பேச்சாயி, இன்னொரு பக்கம் மந்திரி, ஓரத்தில் ஒச்சப்பன், ராஜாவின் வாய்க்கு நேராகக் கணக்குப்பிள்ளை.

"பேச்சாயி, இத்தனை வருஷம் நொடியில் முடித்த வேலை இது. இப்போது மட்டும் ஏன் இப்படிச் செய்கிறாய்? உண்மையைச் சொல்" என்றார் ராஜா.

பேச்சாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்றேனுங்க. முன்னெல்லாம் உங்க சோறு நல்லா இருந்தா எனக்குச் சம்பளம். இப்ப உங்க சோத்துல விசம் இருந்தாத்தான் எனக்குச் சம்பளம். முன்னெல்லாம் எம் பிள்ளைக சாமி கும்பிடும்போது, ராஜா சோத்துல ஒண்ணும் இருக்கக்கூடாது, எங்கம்மா முழுசா வீடு வரணுமுன்னு கும்பிடுங்க. நேத்து ராத்திரி பசியில கடைசிப் பய என்ன கும்பிட்டான் தெரியுங்களா? ராஜா சோத்துல கொஞ்சமா விசம் இருக்கணும், அம்மாவுக்கு வயித்த மட்டும் வலிக்கணும், சம்பளம் வரணுமுன்னு கும்பிட்டான். நான் அவன் வாயில ஒண்ணு போட்டேன். போட்டுட்டு யோசிச்சேன், இத அவனுக்குச் சொல்லிக்குடுத்தது நானில்லையே, அரமணைதானேன்னு."

ராஜா இலையைப் பார்த்தார். தன்னைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இதில் எவனெவனுக்கு என்னென்ன பலன் கட்டியிருக்கிறதோ, எவன் எதற்கு வேண்டிக்கொள்கிறானோ என்று அவருக்கு அன்றுதான் தோன்றியது.

மந்திரிக்கு நிலைமை கைமீறுவது தெரிந்தது. முன்னால் வந்தார். "மகாராஜா, இவள் நாடகம் ஆடுகிறாள். இந்தச் சோற்றில் விஷம் கிடையாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்."

ஒச்சப்பன் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். "மகாராஜா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். வாயில் வைத்த பேச்சாயிக்கே நிச்சயம் இல்லை. வாயில் வைக்காத மந்திரியாருக்கு எப்படி நிச்சயம்? எந்தச் சோற்றில் விஷம் இருக்கிறது, எந்தச் சோற்றில் இல்லை என்று சாப்பிடாமலே தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். விஷம் வைக்கிறவன்."

ராஜாவின் தலை மந்திரி பக்கம் மெல்லத் திரும்பியது.

"ஐயோ மகாராஜா, நான் சொன்னது அப்படி இல்லை" என்றார் மந்திரி.

"அப்படி இல்லையென்றால் சாப்பிட்டுத்தான் காட்டுங்களேன் மந்திரியாரே" என்றான் ஒச்சப்பன். "மகாராஜாவுக்கும் பசி தீரும், உங்கள் நிச்சயமும் நிலைக்கும்."

ராஜா கையைக் காட்டினார். உட்கார் என்று அர்த்தம்.

திருமேனிநாதர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கத்திரிக்காய்க் கூட்டை விரல் நுனியால் தொட்டார். மோந்து பார்த்தார். மோர்க்குழம்பில் மிதந்த மிளகாய் வற்றலை ஏதோ பல்லி கிடப்பதுபோல உற்றுப் பார்த்தார். சோறு நல்ல சோறு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் வாய்க்குப் போகும்போது எல்லாச் சோறும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. நெற்றியில் வேர்த்தது. பிறகு ஒரு வாய், இன்னொரு வாய் என்று விழுங்கினார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பேச்சாயி பழக்கதோஷத்தில், "காலை நீட்டி உக்காருங்க சாமி, அப்பத்தான் தெரியும்" என்றாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. மந்திரி சாகவில்லை. "பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே" என்று எழுந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பொறுங்கள் மந்திரியாரே, ஒரே ஒரு கேள்வி" என்றான் ஒச்சப்பன். "சாப்பிடும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டீர்களே. சோற்றில் என்ன இருக்க வேண்டும் என்று வேண்டினீர்கள்?"

"விஷம் இருக்கக்கூடாது என்றுதான். இது என்ன கேள்வி?"

"விஷம் இல்லாவிட்டால் உங்கள் சட்டப்படி சம்பளம் என்ன?"

மந்திரி மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மகாராஜா," என்று ஒச்சப்பன் ராஜா பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "இன்று சோறு ருசி பார்த்தவர் மந்திரியார். பலன் ஒன்றும் காட்டவில்லை. அதுமட்டும் இல்லை. பலன் வந்துவிடக்கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். நம் ராஜ்ஜியத்திலேயே தன் சம்பளம் போகட்டும் என்று வேர்க்க விறுவிறுக்க வேண்டிக்கொண்ட முதல் உத்தியோகஸ்தர் இவர்தான். மரியாதை செய்ய வேண்டும்."

ராஜா கன்னத்தைக் கடித்தார். தோள் குலுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் அடைப்பை உடைத்துக்கொண்டு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிடாத வயிறு, வலித்தது. வலியோடு சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

கணக்குப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார். "மகாராஜா, ஒரு விளக்கம் வேண்டும். இப்படி விடாமல் சிரித்தால் மொத்தமும் ஒரே சிரிப்பா, நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டித் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? மந்திரியார் அதைச் சொல்லவில்லை."

அவ்வளவுதான். ராஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்ததும் முதலில் சாப்பிட்டார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் பேசினார். பேச்சாயிக்கு நிறுத்திவைத்த சம்பளத்தை அங்கேயே எடுத்துவரச் சொன்னார். அவள் புருஷன் பெயரில் ஒரு துண்டு நன்செய் நிலத்தையும் எழுதிவைத்தார். எல்லாருக்கும் பழையபடி மாதச் சம்பளம் என்றார்.

"ஆனால் ஒச்சப்பா, அந்தக் காவல்காரன் தூங்கினானே, அதற்கு என்ன வழி?" என்று கேட்டார். அவர் அதை மறக்கவில்லை.

"தூங்குகிறவனை எழுப்ப ஓர் ஆள் போய்த் தட்டினால் போதும் மகாராஜா. அன்றைக்கே தாங்கள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால், ஆயுசுக்கும் தூங்கியிருக்க மாட்டான். ஈக்கும் அந்தக் கஷ்டம் வந்திருக்காது."

ராஜா மறுபடி சிரித்தார். தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டார். அன்றிலிருந்து மத்தியானம் வாசல் வரை நடந்தும் பார்த்தார். எத்தனை நாள் நடந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாக்கள் கால் விஷயத்தில் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மந்திரிக்குத் தண்டனை என்று ராஜா எதையும் சொல்லவில்லை. பலனுக்குச் சம்பளம் என்ற சட்டம் அவர் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். பேச்சாயி வீடு எத்தனை நாள் பட்டினி கிடந்ததோ அத்தனை நாளும், தினம் மத்தியானம் அவள் ருசி பார்ப்பதற்கு முன்னால் ராஜாவின் இலையில் ஒரு வாய் சோறு அவர் சாப்பிட வேண்டும். விஷம் கிடைத்தால் கைநிறையச் சம்பளம்.

பேச்சாயி வீட்டுக் கடைசிப் பயல் அன்று சாயங்காலமே வேண்டுதலை மாற்றிக்கொண்டான். திருமேனிநாதர் வீட்டிலோ, ராஜாவின் சோறு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் நெய்விளக்கு எரிந்தது. அந்த மந்திரி உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து ராஜாவின் நன்மையை அவ்வளவு மனசாரக் கோரியது அப்போதுதான். அதுவும் காலணாச் சம்பளம் இல்லாமல்.